ஆய்வுகூடத்தில் கையும் கண்ணும்: உயர்தர மாணவருக்கான பாதுகாப்பு, அளவீட்டு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு வினாத்தாள்களுக்குக் குறைவில்லை. காலையில் பாடசாலை, மாலையில் தனியார் கல்வி நிலையம், இரவில் கடந்தகால வினாத்தாள்கள் என்று நாள் ஓடிவிடுகிறது. அமைப்புக் கட்டுரை வினாவில் செய்முறை வரும் என்பதால் அதையும் குறிப்பாக எழுதி மனனம் செய்துவிடுகிறார்கள். வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கையை, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவைக் கேட்டால் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லும் பிள்ளை, இடுக்கிமானியைக் கையில் கொடுத்தால் எந்தத் திருகைத் தளர்த்துவது என்று தெரியாமல் நிற்கிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி கைக்கு வந்தால்தான் பழக்கம் வரும். வரும் அந்தச் சொற்ப நேரத்தை வீணாக்காமல், காயமில்லாமல் வேலை செய்து, நம்பத்தக்க அளவீட்டோடு வெளியே வருவது எப்படி என்பதை ஒழுங்காக எழுதுகிறேன். சாதாரண தர மாணவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாதுகாப்பையும் அளவீட்டையும் ஒன்றாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் கெடுப்பது அவசரம்தான். போத்தலின் பெயரை வாசிக்காமல் தூக்கும் பிள்ளைதான் பூச்சிய வழுவை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழையை) பார்க்காமலும் அளவெடுக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும்.

முதல் நாள் மாலை

செய்முறை ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை, முதல் நாள் மாலை வீட்டு மேசையில் தொடங்குகிறது. செய்முறையை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். அளவீட்டு அட்டவணையைக் கொப்பியில் கோடு போட்டு வரையுங்கள். ஒவ்வொரு நிரலின் தலையிலும் கணியத்தின் பெயரோடு அலகையும் எழுதிவிடுங்கள். அட்டவணை தயாராக இல்லாத பிள்ளை வாசிப்புகளை உள்ளங்கையிலும் துண்டுக் கடதாசியிலும் எழுதும், பாதி தொலைந்துபோகும்.

அடுத்து, நாளை கையாளப்போகும் இரசாயனங்களின் பட்டியலை எழுதுங்கள். நீங்கள் தமிழில் படிக்கிறீர்கள். போத்தல்களில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரே இருக்கும். ஆகவே தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், இரசாயனச் சூத்திரம் ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். செறிந்ததா, ஐதானதா என்பதையும் குறியுங்கள். சோடியம் சல்பைற்றும் சோடியம் சல்பேற்றும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. பெயர் புரியாவிட்டாலும் புதிய போத்தல்களில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் படக்குறி இருக்கும். சுடர் இருந்தால் எளிதில் தீப்பற்றும் பொருள். கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டி அரிப்பதுபோல் இருந்தால் அரிக்கும் பொருள். மண்டையோடு இருந்தால் நச்சு. இந்த மூன்றையாவது கண் பழகியிருக்க வேண்டும்.

உள்ளே நுழையும்போது

சீருடையிலிருந்தே தொடங்கலாம். பெண் பிள்ளைகளின் கழுத்துப்பட்டி மேசைமேல் குனியும்போது நேராகச் சுடருக்கு மேலே வந்து தொங்கும். அதைக் கழற்றி வையுங்கள், அல்லது மேலங்கிக்குள் செருகிவிடுங்கள். இரட்டைப் பின்னலை மடித்து ரிபன் கட்டியிருந்தால் பிரச்சினை குறைவு. நீளமாகத் தொங்கவிட்ட பின்னலைப் பின்னால் சேர்த்துக் கட்டுங்கள். காலில் மூடிய சப்பாத்து இருக்க வேண்டும். பாடசாலையில் இது தானாகவே அமைந்துவிடும். சனிக்கிழமை மேலதிக வகுப்புக்குச் செருப்போடு வருபவர்களுக்கே இதைச் சொல்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி வகுப்பில் எல்லோருக்கும் போதாவிட்டால், அமிலத்தைக் கையாளும் பிள்ளைக்கும் சூடாக்கும் பிள்ளைக்கும் முதலில் கொடுங்கள். பார்வைக் கண்ணாடி பக்கவாட்டிலிருந்து தெறிப்பதைத் தடுக்காது.

பையை நடைபாதையில் வைக்காதீர்கள். பிறகு நான்கு இடங்களைக் கண்ணால் தேடிக் கண்டுபிடியுங்கள்: வாயுவின் பிரதான அடைப்பு, மின்சாரத்தின் பிரதான ஆளி, மணல் வாளி, நீர்க்குழாய். குழாயைத் திறந்தும் பாருங்கள். நம் பாடசாலைகள் பலவற்றில் தண்ணீர் கூரைமேல் உள்ள தாங்கியிலிருந்து வருகிறது. மின்சாரம் நின்று மோட்டர் ஓடாவிட்டால் தாங்கி வெறுமையாகிவிடும். தண்ணீர் வராத ஆய்வுகூடத்தில் செறிந்த அமிலப் போத்தலைத் திறக்கக் கூடாது. இரண்டு வாளி நிரப்பி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

சுடர்

பன்சன் சுடரடுப்பை மூட்டும்போது காற்றுத் துளை மூடியிருக்க வேண்டும். முதலில் நெருப்புக்குச்சியைத் தட்டுங்கள், பிறகு வாயுவைத் திறவுங்கள். மாற்றிச் செய்தால் குச்சி பற்றுவதற்குள் வாயு சேர்ந்துவிடும். வேலை இல்லாத வேளையில் சுடரை மஞ்சளாகவே விடுங்கள். நீலச் சுடர் நல்ல வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

வாயு இல்லாத இடத்தில் மதுசார விளக்குத்தான் துணை. அதன் சுடரும் பகலில் மங்கலாகவே தெரியும். எரியும் விளக்கைச் சாய்த்து இன்னொரு விளக்கைப் பற்றவைக்கக் கூடாது. எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் மதுசாரம் ஊற்றக் கூடாது. ஊதி அணைக்காமல் மூடியால் மூடுங்கள்.

மதுசாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இலையில் மாப்பொருள் உள்ளதா என்று பார்க்கும் சோதனையைச் சாதாரண தரத்தில் எல்லோரும் செய்கிறார்கள். பச்சையத்தை நீக்க இலையை எதனோலில் சூடாக்க வேண்டும். தூய எதனோலின் ஆவி ஏறத்தாழ 13 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும்பத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து வகுப்பறையில் வெப்பநிலை 30 பாகை என்றால், திறந்து வைத்த எதனோல் முகவையின் வாயில் எந்த நேரமும் எரியக்கூடிய ஆவி நிற்கிறது என்று பொருள். எனவே முதலில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சுடரை அணைத்து அப்பால் வையுங்கள். அதன் பிறகே எதனோலும் இலையும் உள்ள கொதிகுழாயை அந்தச் சுடுநீரில் இறக்குங்கள். எதனோல் ஏறத்தாழ 78 பாகையில் கொதிக்கும்; சுடுநீரின் வெப்பமே போதும். பக்கத்து மேசையிலும் சுடர் எரியக் கூடாது. குழு குழுவாகச் செய்யும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது சரித்துப் பிடியுங்கள். அடியில் மட்டும் சுடரைக் காட்டாமல் மெதுவாக அசையுங்கள். வாய் உங்களையும் நோக்கக் கூடாது, எதிரே நிற்பவரையும் நோக்கக் கூடாது.

அமிலமும் காரமும்

செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஐதாக்கும்போது அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால், இலேசான நீர் மேலே நின்று அந்த இடத்திலேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். காரணம் தெரிந்த பிள்ளைக்கு வரிசை மறக்காது.

செறிந்த அமோனியாப் போத்தல் நம் வெப்பத்தில் தனிக் கவனம் கேட்கும். உள்ளே அழுக்கம் சேர்ந்திருக்கும். சட்டென்று திறந்தால் பீறிட்டு வரும். போத்தலைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைத்து, முகத்துக்கு அப்பால் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் ஆசிரியர் திறக்கட்டும். ஒரு வாயுவை முகர வேண்டியிருந்தால் கையால் மெல்ல விசிறி மூக்குப் பக்கம் வரவிடுங்கள்.

அமிலத்துக்குப் பயப்படும் பிள்ளைகள் சோடியமைதரொட்சைட்டுக்குப் பயப்படுவதில்லை. அது பிழை. கண்ணில் பட்டால் காரம் பல வேளைகளில் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். வலி தெரிவதற்குள் சேதம் செய்துவிடும்.

குழாயியில் (குறித்த கனவளவை எடுக்கும் ‘பிப்பெற்’) கரைசலை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அது நிற்க வேண்டும். இறப்பர் குமிழ் கிடைக்காவிட்டால் மருந்தகத்தில் வாங்கும் ஊசி போடாத சிரிஞ்சையும் ஒரு துண்டு இறப்பர்க் குழாயையும் கொண்டு கரைசலை மேலிழுக்கலாம். வழி இருக்கும்போது வாய் தேவையில்லை.

கண்ணாடியும் மின்சாரமும்

கண்ணாடிக் குழாயை இறப்பர் அடைப்பானில் செருகும்போதுதான் உள்ளங்கை கிழிகிறது. குழாயின் முனையையும் துளையையும் நனையுங்கள். கையைச் சீலையால் சுற்றிக்கொள்ளுங்கள். அடைப்பானுக்கு மிக அருகில் பிடித்து, தள்ளாமல் திருகித் திருகி இறக்குங்கள். தூரத்தில் பிடித்துத் தள்ளினால் குழாய் நடுவில் முறிந்து கையில் ஏறும். சூடான கண்ணாடிக்கும் குளிர்ந்த கண்ணாடிக்கும் பார்வையில் வேறுபாடு இல்லை. தொடுவதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுபோய் வெப்பம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மின்சுற்றில் அம்பியர்மானி தொடரில், வோல்ற்றுமானி சமாந்தரத்தில். சுற்றை அமைத்து ஆசிரியர் பார்த்த பிறகே சாவியை மூடுங்கள். பன்மானியை மிகப் பெரிய வீச்சிலிருந்து தொடங்கி இறக்குங்கள். சுவர்ச் செருகியில் வருவது 230 வோல்ற்று. ஈரக் கையோடு அதன் பக்கம் போகாதீர்கள்.

விபத்து நேர்ந்தால்

தீக்காயத்தில் ஓடும் குளிர்ந்த நீர் 20 நிமிடம் படட்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்; 20 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. பற்பசை, தேங்காய் எண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். அமிலமோ காரமோ தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்துகொண்டே உடனே நிறைய நீரால் கழுவுங்கள். ஒன்றை மற்றதால் நடுநிலையாக்கப் பார்க்காதீர்கள். அந்தத் தாக்கமே வெப்பத்தை வெளிவிடும். கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. அந்த இலக்கத்தை ஆய்வுகூடக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும். மேசையில் சிந்திய மதுசாரம் எரிந்தால் நனைந்த சாக்கால் மூடலாம். சோடியம் எரிந்தால் உலர்ந்த மணல் மட்டுமே. நீர் நிலைமையை மோசமாக்கும்.

இரசவெப்பமானி உடைந்தால் வெள்ளி மணிகளைக் கையால் உருட்டி விளையாடும் ஆசை வரும். இரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும்; அந்த ஆவி நச்சு. யன்னல்களைத் திறந்து மற்றவர்களை வெளியேற்றுங்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள்; கூட்டினால் மணிகள் மேலும் சிறிதாகிச் சிதறும். இரண்டு தடித்த அட்டைகளால் மணிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள போத்தலில் இட்டு ஆசிரியரிடம் கொடுங்கள்.

இனி அளவீடு

எந்தக் கருவியைத் தொட்டாலும் வரிசை ஒன்றே: இழிவெண்ணிக்கை என்ன, பூச்சிய வழு உண்டா, பிறகு வாசிப்பு. இந்த இரண்டு கேள்விக்கும் விடை எழுதாமல் அளவெடுக்காதீர்கள்.

வேணியர் இடுக்கிமானியில் 9 மில்லிமீற்றரைப் 10 பிரிவாக்கியிருந்தால் இழிவெண்ணிக்கை 0.1 மில்லிமீற்றர். 49 மில்லிமீற்றரை 50 பிரிவாக்கியிருந்தால் 0.02. கையில் உள்ளது எது என்று எண்ணிப் பாருங்கள். தாடைகளை மூடி, பூச்சியக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூடியிருக்கும்போது +0.2 மில்லிமீற்றர் காட்டும் கருவி, உருளையின் விட்டத்தை 23.7 என்று காட்டினால் உண்மை அளவு 23.5 மில்லிமீற்றர். உருளையின் விட்டத்தை ஒரே இடத்தில் அளக்காமல், செங்குத்தான இரண்டு திசைகளிலும் நீளப்பாட்டில் பல இடங்களிலும் எடுங்கள். உருளை உண்மையிலேயே உருண்டையாக இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நுண்மானித் திருகுக் கணிச்சியில் வழக்கமாகப் புரியிடைத்தூரம் (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 0.5 மில்லிமீற்றர், வட்ட அளவிடையில் 50 பிரிவு, ஆகவே இழிவெண்ணிக்கை 0.01. இங்கே பிள்ளைகள் தவறவிடுவது அரை மில்லிமீற்றர்க் கோட்டை. பிரதான அளவிடையில் 5 தெரிகிறது, வட்ட அளவிடையில் 28. விடை 5.28 ஆகலாம், 5.78 ஆகவும் இருக்கலாம். 5 ஐத் தாண்டிய அரைக்கோடு வெளியே தெரிகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பெரிய தலையைப் பிடித்து இறுக்காதீர்கள். நுனியில் உள்ள சிறு தலையை, ‘கிளிக்’ என்று ஒலிக்கும்வரை மட்டும் திருப்புங்கள். வீட்டில் பழக வழி உண்டா என்று கேட்பீர்கள். கணிச்சி இல்லாமலே ஒரு தாளின் தடிப்பை அறியலாம்: கொப்பியின் 100 தாள்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து அடிமட்டத்தால் அளந்து 100 ஆல் வகுங்கள். சிறியதைப் பலவாக்கி அளப்பது என்ற உத்தி பின்னால் ஊசலிலும் வரும்.

அளவியும் குழாயியும்

நியமிப்பைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். ஒரு கரைசலை அளவியிலிருந்து (கீழே திருகுள்ள நீண்ட அளவுக் குழாய், ‘பியூரெற்’) மற்றதற்குள் விட்டு, செறிவு தெரிந்ததைக் கொண்டு தெரியாததன் செறிவைக் காண்பதே நியமிப்பு. பாதுகாப்பும் செப்பமும் ஒரே கையில் சந்திக்கும் இடம் இதுதான்.

கழுவுவதில் தொடங்குகிறது வேலை. சுண்ணக்கல்லின் ஊடாக வரும் நம் கிணற்று நீர் வன்மையானது. பல இடங்களில் குளோரைட்டும் அதிகம். சோதனைக்குழாயில் கொஞ்சம் கிணற்று நீர் எடுத்து வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டுப் பாருங்கள், வெண்மையாகக் கலங்கும். அந்த நீரால் கழுவி அப்படியே காயவிட்ட கண்ணாடியில் வெண்படலம் ஒட்டியிருக்கும். ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தால் அலசினால் போகும். கடைசி அலசல் எப்போதும் காய்ச்சி வடித்த நீரில். பிறகு, அளவியையும் குழாயியையும் அவற்றில் நிரப்பப்போகும் கரைசலால் ஒருமுறை அலசுங்கள். நியமிப்புக் குடுவையை மட்டும் கரைசலால் அலசக் கூடாது. உள்ளே ஒட்டிய கரைசல் கணக்கில் வராமல் கூடிவிடும்.

அளவியை நிரப்பும்போது அதைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். உயர்ந்த மேசையில் நிற்கும் அளவிக்குள் தலைக்கு மேலே கையை நீட்டி அமிலம் ஊற்றும் காட்சியைப் பல வகுப்புகளில் காணலாம். தெறித்தால் நேராகக் கண்ணில்தான் விழும். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். நுனியில் காற்றுக் குமிழ் நின்றால் திருகைச் சட்டென்று முழுதாகத் திறந்து வெளியேற்றுங்கள். குமிழ் நடுவில் வெளியேறினால் அந்தக் கனவளவும் வாசிப்பில் சேர்ந்துவிடும்.

இப்போது வாசிப்பு. அளவியில் பூச்சியம் மேலே இருக்கிறது, எண்கள் கீழ்நோக்கிக் கூடுகின்றன. பிறையுருவின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடி 23.4 கோட்டுக்கும் 23.5 கோட்டுக்கும் நடுவே நின்றால் 23.45 என்று எழுதுங்கள். பின்னால் பாதி கறுப்பு அடித்த ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் பிறையுருவின் விளிம்பு தெளிவாகத் தெரியும். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவியில் வாசிப்புக் குறையும், அளவுச்சாடியில் கூடும். இந்த வேறுபாடு ஏன் என்று ஒரு படம் வரைந்து பாருங்கள். அமைப்புக் கட்டுரைக்கும் உதவும். பொற்றாசியம் பரமங்கனேற்று போன்ற கடும் நிறக் கரைசலில் அடி தெரியாது. அங்கே மேல் விளிம்பை வாசியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விதமாக.

குழாயியின் நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதாதீர்கள். நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுங்கள், மிச்சம் உள்ளேயே நிற்கட்டும். அதையும் கணக்கிட்டுத்தான் குறியிட்டிருக்கிறார்கள். குழாயியின் மேற்பகுதியில் 20 பாகை செல்சியஸ் என்று பொறித்திருப்பதையும் கவனியுங்கள். நம் அறை 30 பாகை. சூட்டில் நீரின் அடர்த்தி குறைவதால், 25 மில்லிலீற்றர்க் குழாயியால் காய்ச்சி வடித்த நீரை எடுத்து நிறுத்தால் 25 கிராம் வராது, ஏறத்தாழ 24.9 கிராமே வரும். உங்கள் குழாயியை இப்படி நிறுத்துப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி.

முதல் நியமிப்பு பருமட்டானது. அடுத்தவற்றில் நிறம் மாறும் முடிவுப் புள்ளிக்கு ஒரு மில்லிலீற்றர் முன்பே வேகத்தைக் குறைத்துத் துளி துளியாக விடுங்கள். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். 24.10, 23.45, 23.50 என்று வாசிப்புகள் வந்தால் முதலாவதை விட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்துப்போகும் இரண்டு வாசிப்புகள் கிடைக்கும்வரை நியமிப்பைத் தொடருங்கள்.

தராசு

தளத்தைச் சமப்படுத்துங்கள், பூச்சியம் பாருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சூடான பொருளை வைக்காதீர்கள். மாரிகாலத்தில் சோடியமைதரொட்சைட்டுக் குளிகைகள் கண்முன்னே ஈரமாகும், நிறுக்கும்போதே எண் ஏறும். அதனால்தான் அதன் கரைசலை வேறொரு நியமக் கரைசலோடு நியமித்துச் செறிவைக் கண்டறிகிறோம்.

ஊசலும் 9.81 உம்

எளிய ஊசலில் ஒரு மீற்றர் நீளத்துக்கு அலைவுகாலம் ஏறத்தாழ 2 செக்கன். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதத்தை 0.2 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் வழு 10 சதவீதம். 20 அலைவுகளை அளந்தால் 40 செக்கனில் 0.2, அதாவது 0.5 சதவீதம். ஈர்வை ஆர்முடுகலைக் கணிக்கும்போது காலம் வர்க்கமாக வருவதால் அந்த வழு இரட்டிக்கும்.

நூலின் நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை எடுங்கள். வீச்சுச் சிறிதாக இருக்கட்டும். சமநிலை இடத்துக்கு நேரே ஓர் ஊசியை நட்டு, குண்டு அதைக் கடக்கும்போது எண்ணுங்கள். அங்கேதான் வேகம் அதிகம், கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ‘மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்’ என்று எண்ணிப் பூச்சியத்தில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும். மின்விசிறி சுழலும் அறையில் ஊசல் ஆட்டுவதில் அர்த்தமில்லை; வியர்த்தாலும் நிறுத்துங்கள். அலைவுகால வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபாக்கினால் படித்திறனிலிருந்து விடை வரும்.

கவனமாகச் செய்தால் ஈர்வை ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 9.78 மீற்றரை ஒட்டி வரும். அதைக் கண்டதும் பிள்ளை கலங்கி, ஒரு காலத்தைச் சற்றுக் குறைத்து எழுதி, புத்தகத்தில் உள்ள 9.81 ஆக்கிவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 9.81 என்பது இலண்டன் போன்ற உயர்ந்த அகலக்கோட்டு இடங்களுக்குப் பொருந்தும் பெறுமானம். புவி தன்னைத்தானே சுழல்வதாலும் மத்திய கோட்டுப் பகுதியில் புடைத்திருப்பதாலும் நம் பக்கம் ஈர்வை ஆர்முடுகல் குறைவு. யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. இங்கே உண்மைப் பெறுமானமே 9.78. புத்தகத்துக்காகத் திருத்திய பிள்ளை சரியான விடையை அழித்துப் பிழையான விடையை எழுதியிருக்கிறது.

வாசிப்பை எடுத்த கணமே பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டி அருகில் திருத்துங்கள். அழிப்பானும் வெள்ளை மையும் வேண்டாம். வெட்டிய எண்தான் சில வேளை சரியானதாக இருக்கும். 5.0 என்றும் 5.00 என்றும் எழுதுவது ஒன்றல்ல. கருவி எதுவரை காட்டியதோ அதுவரை எழுதுங்கள். கணிகருவி தரும் பத்து இலக்கங்களையும் விடையில் இறக்காதீர்கள்.

கழுவித் தொட்டிக்குள் எதை ஊற்றலாம்?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் பெரும்பாலும் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர். ஆய்வுகூடத் தொட்டியில் ஊற்றுவது கழிவுக் குழிக்குப் போய், வெடிப்புகள் நிறைந்த அந்தக் கல்லின் ஊடாக அயல் கிணற்றுக்கு இறங்கலாம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015 காலப்பகுதியில் எவ்வளவு பெரிய துயரமானது என்பது நமக்குத் தெரியும்.

ஐதான அமிலத்தையும் காரத்தையும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, பாசிச்சாயத் தாளால் பார்த்து, நிறைய நீரோடு ஊற்றலாம். ஈய நைத்திரேற்று, செப்புச் சல்பேற்று, பொற்றாசியம் இருகுரோமேற்று ஆகியவற்றின் மிச்சத்தை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ‘பார உலோகக் கழிவு’ என்று எழுதிய ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை மேசையில் வைத்து அதில் சேருங்கள். சேதனக் கரைப்பான்களுக்கு வேறொரு மூடிய போத்தல், சுடரிலிருந்து தொலைவில். உடைந்த கண்ணாடியைக் கடதாசிக் கூடைக்குள் போடாதீர்கள். அதை வெறுங்கையால் அள்ளப்போவது பாடசாலையின் துப்புரவுத் தொழிலாளி. அதற்கென ஒரு தடித்த அட்டைப் பெட்டியை வைத்து மேலே பெயர் எழுதுங்கள். மேசையைத் துடைத்து, வாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தியாயிற்றா என்று பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின் வெளியேறுங்கள்.